வாதாபி எரிந்த பிறகு
(செங்கல்பட்டில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் நூலை உங்களில் பெரும்பாலோர் படித்திருப்பீர்கள். படிக்காதவர்களும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கதையைக் கேட்டிருப்பீர்கள். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' அது. மாமல்லபுரத்துக் கடற்கரை மணலில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்த ஒரு வேளையில் இந்தக் கதை மனத்தில் விழுந்ததாகக் கல்கியே முன்னுரையில் எழுதியிருக்கிறார். அந்தக் கடற்கரை இங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான். கதையில் பல்லவப் படையும் சளுக்கியப் படையும் மோதிக்கொள்ளும் மணிமங்கலம் தாம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பல்லவர் செப்பேடு பேர் சொல்லும் புள்ளலூர், காஞ்சிபுரத்துக்குச் சற்றுத் தொலைவில் இன்றும் ஒரு சிற்றூராக இருக்கிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மண்ணிலேயே நடக்கிற போர்க்கதை என்று இந்த நாவலைச் சொல்லிவிடலாம். ஆனால் நாம் அதைப் போர்க்கதையாகப் படித்த விதத்தில் ஒரு பெரிய பகுதி விடுபட்டுப் போயிற்று என்பது என் எண்ணம். அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

வழக்கமாக இந்த நாவலைப் பற்றிய பேச்சு இரண்டு வழியில் போகும். தமிழ் மன்னன் ஒருவன் வடக்கே போய்ப் சளுக்கியப் பகைவனின் தலைநகரான வாதாபியைக் கொளுத்தித் திரும்பிய வெற்றிக்கதை என்பது ஒன்று. சிற்பியின் மகளும் பட்டத்து இளவரசனும் சேர முடியாமற்போன காதல் கதை என்பது மற்றொன்று. இரண்டும் நூலில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த இரண்டையும் பிணைக்கிற கயிறு எது என்று பார்த்தால், போர் முடிந்த பின்னும் மனிதருக்குள் முடியாமல் தொடர்கிறது என்ற ஒரு கண்டறிதல்தான் அது. வெற்றியோடு கதையை முடிக்க கல்கிக்கு எல்லா வசதியும் இருந்தது. அவர் முடிக்கவில்லை. 'பரஞ்சோதி யாத்திரை', 'காஞ்சி முற்றுகை', 'பிக்ஷுவின் காதல்' என்று மூன்று பாகங்களுக்குப் பெயர் வைத்தவர், வாதாபி வெற்றியைச் சொல்லும் நான்காம் பாகத்துக்கு 'சிதைந்த கனவு' என்று பெயர் வைத்தார். வாகை சூடும் பாகத்துக்கு இப்படி ஒரு தலைப்பை ஓர் எழுத்தாளர் தெரியாமல் வைக்கமாட்டார்.

நூல் எழுதப்பட்ட காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 'கல்கி' இதழில் 1944-இல் தொடங்கி 1946 வரை வந்த தொடர்கதை இது. அதற்கு முன்பு 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட சேதி வந்ததும் சென்னை நகரம் பாதிக்கு மேல் காலியாயிற்று. மூட்டை முடிச்சோடு ஜனங்கள் ரயிலேறினார்கள். கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சிசாலையில் இருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். பர்மாவிலிருந்து தமிழர்கள் காடு மலை தாண்டி நடந்தே வந்தார்கள். வழியில் செத்தவர்கள் பலர். 1943-இல் வங்காளத்தில் பஞ்சம். தொடர் பாதி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்தன. நகரம் எரிவதைப் பற்றிய ஒரு கதையை வாரா வாரம் படித்த வாசகருக்கு எரியும் நகரம் வெறும் கற்பனையாக இருந்திருக்க முடியாது. எழுதியவரோ சத்தியாக்கிரகம் செய்து சிறை போன காந்தியவாதி. போர் ஜெயித்த செய்தி ஊரெங்கும் கொண்டாட்டமாக ஒலித்த அந்த நாட்களில், ஜெயித்தவன் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவர் பார்த்தார்.

இனி பாத்திரங்களுக்கு வருகிறேன். முதலில் சிவகாமி. அவளுடைய சபதத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்தச் சபதம் எந்த இடத்தில் பிறந்தது என்பதைக் கவனிப்பதில்லை. வாதாபிக்குச் சிறைப்பட்டுப் போன தமிழ்நாட்டு ஆண்களையும் பெண்களையும் நாற்சந்திகளில் நிறுத்திச் சவுக்கால் அடிக்கிறார்கள். அவர்களை அடிக்காமல் விட வேண்டுமென்றால் சிவகாமி தெருவில் ஆட வேண்டும். அவள் ஆடுகிறாள். மாமல்லபுரத்திலும் காஞ்சியிலும் கலையறிந்தவர் முன் ஆடிய அதே உடல், அதே முத்திரை, அதே ஜதி. ஆனால் எதிரே நிற்பது பகைவனின் ஊர், பக்கத்தில் நிற்பது சவுக்கு. அவளிடம் இருந்த ஒரே சொத்து, அவள் தன்னை யாரென்று அறிந்துகொண்ட ஒரே வழி, அடிமைகளை மீட்கும் விலையாகிவிட்டது. போர் அவளைக் கொல்லவில்லை, அங்கஹீனம் செய்யவில்லை. அவளுடைய கலைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு அவளால் ஆட்டத்தை அவமானத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியவில்லை. பல்லவ இளவரசன் மாமல்ல நரசிம்மனும் தளபதி பரஞ்சோதியும் மாறுவேடத்தில் உயிரைப் பணயம் வைத்து அவளை அழைத்துப்போக வந்தபோது அவள் மறுக்கிறாள். இந்த நகரத்தைக் கொளுத்திப் பழிதீர்த்து அழைத்துப்போனால்தான் வருவேன் என்கிறாள். இதைச் சிலர் பெண்ணின் பிடிவாதம் என்று படிக்கிறார்கள், சிலர் வீரம் என்கிறார்கள். எனக்கு இரண்டுமாகத் தோன்றவில்லை. கதவு திறந்திருந்தும் வெளியே போக முடியாத நிலை அது. பட்ட அவமானத்துக்கு ஈடாக ஏதாவது ஒன்று உலகத்தில் நடந்தாக வேண்டும், நடக்காதவரை தான் பழைய சிவகாமியாகத் திரும்ப முடியாது என்று அவள் நம்புகிறாள். போரால் அடிபட்டவர் இன்னொரு போரைக் கேட்கத் தொடங்குவதுதான் போரின் நீண்ட ஆயுளுக்குக் காரணம். கல்கி அதை ஒரு பெண்ணின் வாய்ச்சொல்லில் காட்டிவிட்டார்.

அந்தச் சபதத்தின் விலை என்ன? ஒன்பது ஆண்டு. அந்த ஒன்பது ஆண்டில் நடந்தவற்றைச் சிவகாமி வாதாபியில் இருந்தபடி அறிய முடியாது, வாசகர் அறிவார். மகேந்திர பல்லவர் போரில் பட்ட காயத்தோடு நோயில் விழுந்து இறக்கிறார். இறப்பதற்கு முன் மகனைப் பாண்டிய இளவரசியை மணந்துகொள்ளச் சொல்கிறார். தெற்கே பாண்டியன் உறவு இல்லாமல் வடக்கே பெரும்படை நகர முடியாது, தலைநகரை நம்பி விட்டுப்போகவும் முடியாது. ஆக, சிவகாமியின் சபதத்தை நிறைவேற்ற வேண்டுமானால் மாமல்லன் சிவகாமியை இழந்தாக வேண்டும். இந்த முடிச்சைக் கல்கி எவ்வளவு நிதானமாகப் போடுகிறார் என்பதைப் பாருங்கள். யாரும் யாரையும் வஞ்சிக்கவில்லை. மகேந்திரர் அரசியல் தெரிந்தவர், மாமல்லன் வாக்குத் தவறாதவன், பாண்டிய இளவரசி ஒரு பாவமும் அறியாதவள். போர் தயாரிப்பு என்ற ஒன்று மட்டும் தன் கணக்குப்படி எல்லாருடைய வாழ்க்கையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டு போகிறது. நகரம் எரிந்து, சபதம் நிறைவேறி, சிவகாமி காஞ்சிக்கு வந்து சேருகிறாள். ராஜவீதியில் பவனி வருகிறது. மன்னனுக்கு அருகே பட்டத்தரசியும் இரண்டு குழந்தைகளும் இருப்பதை அவள் அப்போதுதான் கண்ணால் பார்க்கிறாள். வெற்றி ஊர்வலத்தின் ஆரவாரத்துக்கு நடுவில் நிற்கும் இந்தப் பெண்ணுக்கு அந்த வெற்றியில் ஒரு பங்கும் இல்லை. மகாகவி பாரதி 'பாஞ்சாலி சபத'த்தைச் சபதத்தோடு நிறுத்தினார். நாட்டு விடுதலைக்கு அறைகூவல் விட்ட காலத்தில் அது பொருத்தம். கல்கி அந்தத் தலைப்பின் நினைவு வாசகருக்கு வரும்படியே தம் நூலுக்குப் பெயர் வைத்துவிட்டு, பாரதி கேட்கத் தேவைப்படாத கேள்வியைக் கேட்டார்: சபதம் நிறைவேறிய மறுநாள் சபதம் செய்தவள் என்ன செய்வாள்?

என் வாதத்துக்கு வலுவான சான்று சிவகாமியிடம் கூட இல்லை, பரஞ்சோதியிடம் இருக்கிறது. சிவகாமி கற்பனைப் பாத்திரம். அவளை எப்படி வேண்டுமானாலும் நடத்த ஆசிரியருக்கு உரிமை உண்டு. பரஞ்சோதி அப்படியல்ல. அவர் பெரியபுராணத்துச் சிறுத்தொண்ட நாயனார். திருச்செங்காட்டங்குடிக்காரர். வாதாபியை அழித்த படைத்தலைவர் சிவனடியார் ஆனார் என்பது சேக்கிழார் சொல்லிவிட்ட செய்தி. அதைக் கல்கி மாற்ற முடியாது. ஆனால் சேக்கிழார் சொல்லும் காரணத்தைப் பாருங்கள். வாதாபியைத் துகளாக்கிவிட்டு யானையும் குதிரையும் பொன்னும் மணியுமாகக் கொண்டுவந்து நிறுத்துகிறார் பரஞ்சோதியார். மன்னன் வியக்கிறான். இவர் சிவத்தொண்டர், அந்த வலிமையே இதைச் சாதித்தது என்று அமைச்சர்கள் சொல்கிறார்கள். அடியார் ஒருவரைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டேனே என்று மன்னன் நடுங்கி, மன்னிப்புக் கேட்டு, செல்வம் கொடுத்து அனுப்பிவைக்கிறான். அங்கே வருந்துவது மன்னன், அதுவும் அடியாரை வேலை வாங்கிய பிழைக்காக. எரிந்த நகரத்துக்காக யாரும் வருந்தவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பக்திக் காப்பியத்துக்கு அது தேவைப்படவும் இல்லை.

கல்கி இந்த இடத்தில் காரணத்தை மாற்றுகிறார். அவருடைய பரஞ்சோதி தொடக்கத்தில் யார்? நாவுக்கரசர் மடத்தில் கல்வி கற்கலாம் என்று காஞ்சிக்கு நடந்து வந்த கிராமத்துப் பையன். வந்த அன்றே மதம் பிடித்த யானைமேல் வேலை எறிகிறான்; அந்த வேல் அவனைப் படிப்பிலிருந்து எடுத்துப் போருக்குள் எறிந்துவிடுகிறது. படிக்க வந்தவன் கடைசிவரை படிக்காமலே தளபதி ஆகிறான். தன் கையில் கொடுத்தனுப்பிய ஓலையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே நாடு கடந்து போகிறான். முதல் பாகத்தில் நாம் சிரித்துக்கொண்டே படிக்கிற இந்தச் சங்கதி நான்காம் பாகத்தில் கனத்துப்போகிறது. வாதாபியின் அழிவைக் கண்ட பரஞ்சோதி, இனி வாளைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்து, தளபதிப் பதவியை விட்டுவிட்டு அடியாராகிறார். தன் தொழிலில் உச்சத்தைத் தொட்ட நாளே அந்தத் தொழிலை அவரால் தாங்க முடியாமல் போகிறது. புராணத்தில் மன்னனின் பணிவு அடியாரை உருவாக்குகிறது. நாவலில் தோற்றவர் நகரம் தளபதியை உடைக்கிறது. மூலத்துக்கும் நாவலுக்கும் உள்ள இந்த இடைவெளியில்தான் ஆசிரியரின் மனம் தெரிகிறது. வரலாறு நெருக்கியதால் கல்கி இப்படி எழுதினார் என்று யாராவது சொன்னால், வரலாறும் புராணமும் அவரை இந்தக் காரணத்தை நோக்கி நெருக்கவே இல்லை என்பதுதான் பதில்.

சிவகாமியின் தந்தையான சிற்பி ஆயனரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அஜந்தா வர்ணம் எப்படி நெடுங்காலமாக அழியாமல் இருக்கிறது என்ற ரகசியத்துக்காக ஏங்கிய கலைஞர், கால் முறிந்து, மகளை இழந்து, சித்தம் கலங்கி உட்கார்ந்திருக்கிறார். சிற்பிகளின் கைகால்களை வெட்டச் சொன்ன பகைவனின் கட்டளையும் நூலில் வருகிறது. மாமல்லபுரத்தில் பிடாரி ரதத்தையும் வலையன்குட்டை ரதத்தையும் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலே விமானம் முடிந்திருக்கும், கீழே பாறை அப்படியே நிற்கும். ஏன் நின்றது என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. கல்கிக்கு அந்தக் கற்களே போதுமாக இருந்தன.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். முதல் மறுப்பு, இது வாரப்பத்திரிகைத் தொடர்கதை. சுரங்க வழியும் மாறுவேடமும் இரட்டைப் பிள்ளைகளும் விஷக்கத்தியும் நிறைந்த சாகசக் கதை. இதில் போரின் ஆழ்ந்த விளைவைத் தேடுவது வாசகரின் ஆசைதான் என்பது. சாகசம் உண்டு, முதல் இரண்டு பாகங்களில் நிறையவே உண்டு. மகேந்திரர் வஜ்ரபாகுவாக வேஷம் போட்டு வரும் இடங்களில் போர் ஒரு சதுரங்கம் போல் இன்பமாகவே இருக்கிறது. ஆனால் அந்த இன்பத்தைக் கொடுத்தவரே அதற்குக் கணக்கும் கேட்கிறார். மகேந்திரரின் சாமர்த்தியம் காஞ்சியைக் காப்பாற்றுகிறது. முற்றுகையில் தோற்ற சளுக்கிய மன்னன் புலிகேசியை விருந்தாளியாக உள்ளே அழைத்து உபசரித்து அனுப்பிய அதே சாமர்த்தியம்தான் அவன் கோபத்தைக் கிளறிச் சுற்றுப்புறக் கிராமங்கள்மேல் அவிழ்த்துவிடுகிறது. கோட்டைக்குள் இருந்தவர் தப்பினார்கள், வெளியே இருந்தவர் எரிந்தார்கள். தமிழ்ப் புறத்திணை மரபில் இரண்டு குரல்கள் என்றும் உண்டு. களத்தைப் பாடிக் கொண்டாடும் பரணிக்குரல் ஒன்று. மாண்டவனை எண்ணிக் கையற்று நிற்கும் குரல் மற்றொன்று. கல்கி முதற்குரலில் தொடங்கி இரண்டாம் குரலில் முடிக்கிறார். முதற்குரல் வலுவாக இருப்பது இரண்டாவதைப் பொய்யாக்காது.

இரண்டாவது மறுப்பு கனமானது. ஒரு பேரரசின் படையெடுப்புக்கு ஒரு பெண்ணின் சபதத்தைக் காரணமாக்குவது, போரின் பழியைப் பெண்மேல் போடுகிற பழைய வழக்கம்தானே என்று பெண் எழுத்தாளர்கள் கேட்கலாம். கேட்க நியாயம் உண்டு. அரசர்களுக்கு மண்ணாசையும் மானமும் போதும், சிவகாமி என்று ஒருத்தி தேவையில்லை. சளுக்கியர் பக்கத்து ரவிகீர்த்தி பாடிய அய்ஹொளே கல்வெட்டு பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிந்தான் என்று எள்ளுகிறது. அதன் காலம் 634-635. ஏழெட்டு ஆண்டுக்குள் 642-இல் வாதாபி விழுகிறது. அரசன் மானம் அழியும் இடத்தில் ஒரு பெண்ணின் மானத்தை வைத்துக் கதை பின்னியது கல்கியின் காலத்து மனப்பாங்கு என்றே நானும் நினைக்கிறேன். ஆயினும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாஞ்சாலிக்குக் கூந்தல் முடிய வாய்த்தது, கண்ணகிக்குத் தெய்வநிலை வாய்த்தது. சிவகாமிக்குத் தான் கேட்ட தீ கிடைத்த பிறகு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பெண்ணைக் காரணமாக்கும் மரபுக்குள் நின்றுகொண்டே, அந்தக் காரணம் அவளுக்கு ஒன்றையும் பெற்றுத்தரவில்லை என்று எழுதியவரைப் பழைய வழக்கத்தோடு முழுதாகச் சேர்த்துவிட முடியாது.

மூன்றாவது, முடிவைப் பற்றியது. ஏகாம்பரநாதர் சந்நிதியில் அப்பர் திருத்தாண்டகத்துக்குச் சிவகாமி ஆடுகிறாள், இறைவனையே தலைவனாகக் கொள்கிறாள். பட்ட காயத்துக்குப் பக்தியை மருந்தாகப் பூசி மூடிவிட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. நான் இதைப் பாதி ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கடைசி அத்தியாயத்தின் அழகு காயத்தைக் கொஞ்சம் மறைக்கத்தான் செய்கிறது. ஆனால் அவள் யார் முன்னால் ஆடுகிறாள், யாருக்காக இனி ஆடமாட்டாள் என்று பார்த்தால் காயம் மறையவில்லை என்று புரியும். மனிதர் முன்னால் ஆடும் ஆட்டத்தை வாதாபி நாற்சந்தி அவளிடமிருந்து நிரந்தரமாகப் பறித்துவிட்டது. நூலின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. எரிந்த வாதாபியின் குடிமக்களுக்குப் பெயர் இல்லை. சவுக்கடி பட்ட தமிழ்க் கைதிகளுக்கும் பெயர் இல்லை. அரண்மனையும் சிற்பமண்டபமும் சார்ந்தவர்களின் மனம்தான் நமக்குக் காட்டப்படுகிறது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இரண்டாம் உலகப்போரில் சிக்கிய தென்கிழக்காசியத் தமிழரின் தெருவுக்கு வந்தது. ஷோபாசக்தியின் 'கொரில்லா', தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்', சயந்தனின் 'ஆறாவடு' போன்ற ஈழ நாவல்களில்தான் பெயரில்லாதவர்களுக்குப் பெயர் வந்தது. இதே செங்கல்பட்டில் ஈழத்தமிழருக்கான சிறப்பு முகாம் பல ஆண்டுகள் இருந்தது. தப்பி வந்த பிறகும் போரை விட்டு வெளியே வர முடியாதவர்கள் நம் ஊர்ச் சுவருக்குள்ளேயே இருந்தார்கள். சிவகாமியைப் பற்றி உருகிப் பேசிய நாம் அவர்களைப் பற்றி எவ்வளவு பேசினோம் என்பதை இங்கே கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு வரலாற்றுச் செய்தியோடு முடிக்கிறேன். வாதாபி எரிந்ததும் பகை தீர்ந்ததா? தீரவில்லை. பதின்மூன்று ஆண்டுகளுக்குள் புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் தலைநகரை மீட்டான். பிறகு அவன் படை காஞ்சிவரை வந்து, காவிரிக் கரையில் உறையூரில் பாளையம் இறங்கியது. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். கைலாசநாதர் கோயில் செல்வத்தைத் தொடாமல் திருப்பிக் கொடுத்ததாக அவன் வெட்டிவைத்த கன்னடக் கல்வெட்டு அந்தக் கோயிலிலேயே இருக்கிறது. வாதாபியில் நரசிம்மவர்மனின் சிதைந்த கல்வெட்டு, காஞ்சியில் விக்கிரமாதித்தனின் கல்வெட்டு. இரண்டு ஊரும் ஒன்றையொன்று எரித்தும் கைப்பற்றியும் நூறு ஆண்டு போராடின. இதெல்லாம் நாவலுக்குள் வரவில்லை, ஆனால் கல்கி வரலாறு படித்தவர். வாதாபி வெற்றியைப் பகையின் முடிவாக அவர் நினைத்திருக்க இடமில்லை.

ஆகவே ஆசிரியர்களையும் வாசகர் வட்டங்களையும் கேட்டுக்கொள்வது இதுதான். இந்த நாவலைப் பற்றிப் பேசும்போது முற்றுகையோடும் வெற்றியோடும் நிறுத்தாதீர்கள். நான்காம் பாகத்தை மட்டும் தனியாக எடுத்து, பரஞ்சோதி பதவியை விடும் இடத்தையும் சிவகாமி காஞ்சிக்குத் திரும்பும் இடத்தையும் மாணவர்களோடு சேர்ந்து வாய்விட்டுப் படியுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஓர் ஈழ நாவலை அதன் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.